மச்சாளின் மூன்று தாங்கிகள்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் விறாந்தையில் கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை கதைத்துவிட்டுப் போவார்கள். மச்சாள் நோர்வேயிலிருந்து வந்து இறங்கிய அன்று, முகம் கழுவிய கையோடு குசினிக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றார். காப்பு ஏதும் கழன்று விழுந்துவிட்டதாக்கும் என்று நான் ஓடிப்போனேன்.

“இந்தத் தண்ணி எங்கை போகுது?” என்று கேட்டார்.

பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து சுவருக்கு வெளியே வரும் குழாயைத்தான் காட்டினார்.

“உதாலை போகும் மச்சாள்.”

“உதாலை போய்?”

கலியாணம் கட்டி வேலணைக்கு வந்த நாள் முதல் அந்தக் குசினியில்தான் சமைக்கிறேன். கழுவி ஊற்றுகிற தண்ணீர் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. இரண்டு பேருமாக அதன் பின்னால் நடந்தோம். அது கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிப் போய், வேலி அடியில் பச்சையாகக் குட்டை கட்டி நின்றது. “ம்,” என்றார் மச்சாள். குற்றம் சொல்லவில்லை. கண்ணால் பார்த்துவிட்டதில் அவருக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான்.

அவர் என் கணவரின் மூத்த அக்கா. அங்கே ஒரு நகரத்தில் பஸ் ஓட்டியவர். கலியாணம் கட்டவில்லை, ஏன் என்று கேட்கும் துணிச்சல் எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை. ஓய்வு பெற்றதும் இனிமேல் ஊரில்தான் என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் கொஞ்ச நேரத்தில் அவரைக் காணக் கிடைக்காது. வீட்டின் பின்பக்கம் நிற்பார். யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண மண்டபத்தில், பட்டுச்சேலையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, சமையல்கட்டிலிருந்து ஓடிய வாய்க்காலைப் பின்தொடர்ந்து றோட்டு வரைக்கும் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் அவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து படத்துக்கு நிறுத்தினார்கள்.

சாப்பிட்ட தட்டை வேறு யாரும் தொட விடமாட்டார். விருந்தாளி கையிலிருந்து தட்டைப் பறிப்பது எங்கள் வழக்கம். மச்சாளிடம் பறிக்கப் போனால் இரண்டு பேருக்கும் இழுபறியாகி, மிச்சக் குழம்பு என் சட்டையில் கொட்டும். “நான் திண்டது. நான் கழுவிறன்,” என்பார்.

அவர் மாடிவீடு ஒன்று கட்டுவார் என்றுதான் ஊர் எதிர்பார்த்தது. அவரோ தெற்கில் ஒரு பட்டறையில் சொல்லி, இழுத்துக்கொண்டு போகக்கூடிய கரவன் ஒன்றைச் செய்வித்தார். லொறிக்குப் பின்னால் வெள்ளைவெளேரென்று அது வந்து இறங்கியபோது சனம் வேலியோரம் நின்று பார்த்தது. கட்டில், சின்னக் குசினி, ஒரு ஆள் திரும்பக்கூடிய குளியலறை, எல்லாம் உள்ளே. ஊர் அதற்கு வண்டில் வீடு என்று பெயர் வைத்தது. எங்கள் வளவின் மேற்குப் பக்கம், வாழைகளுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினார். தம்பியின் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறதே என்று என் கணவர் கேட்டுப் பார்த்தார். மச்சாள் கேட்கவில்லை.

அதோடு ஒரு தடித்த புத்தகமும் வந்தது. மச்சாள் அதை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டில் எங்களுக்கு விளங்கப்படுத்தினார்.

“அடியிலை மூண்டு தண்ணித் தாங்கி கிடக்கு. ஒண்டு நல்ல தண்ணி. மற்றது சாம்பல் தண்ணி. குளிக்கிறது, பாத்திரம் கழுவிறது எல்லாம் அதுக்கை போகும். மூண்டாவது கறுப்பு.”

“கறுப்பெண்டால்?” என்று கேட்டது என் பிழை.

மச்சாள் சொன்னார், ஒரு விபரமும் விடாமல். இவர் சோற்றில் வைத்த கையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

கறுப்புத் தாங்கியை வெறுமையாக்க எங்கள் தீவில் இடம் எதுவும் கிடையாது. அதனால் மச்சாள் வண்டில் வீட்டுக்குப் பக்கத்தில், மண்ணுக்குள், நாலாபக்கமும் மூடின பெரிய பிளாஸ்ரிக் தாங்கி ஒன்றைப் புதைப்பித்தார். வண்டிலிலிருந்து ஒரு குழாய் அதற்குள் போகும். அது நிரம்பினால் பவுசர் என்கிற தாங்கி லொறி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். முதல் தடவை பவுசர் வந்தபோது மச்சாள் சாரதியிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவன் ஏதோ இடம் சொன்னான். மச்சாள் ஒரு ஓட்டோவைப் பிடித்து, பாலத்தைத் தாண்டி, அந்தப் பவுசருக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“சரியான இடத்திலைதான் ஊத்தினவங்கள்,” என்றார். “நான் நிண்டு பாத்தனான்.”

இவ்வளவு கவனமான ஆள் தொடக்கத்தில் ஒரு பெரிய பிழை விட்டார். வண்டிலுக்கு அடியில், கறுப்புத் தாங்கிக்கு ஒரு வால்வு இருக்கிறது. அதை ஏன் பூட்டவேணும், திறந்தே கிடந்தால் எல்லாம் தன்பாட்டில் மண்ணுக்குள் இருக்கும் தாங்கிக்குப் போய்விடுமே என்று நினைத்துத் திறந்தே விட்டுவிட்டார். தண்ணீர் எல்லாம் போனது. மற்றது போகவில்லை. தங்கி, குவிந்து, காய்ந்து இறுகிவிட்டது. கதவடியில் ஒவ்வொரு தாங்கியும் எவ்வளவு நிரம்பியதென்று காட்டச் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள் இருக்கும். கறுப்புக்கு எல்லா விளக்குகளும் எரிந்தன. பிறகு மணம் வரத் தொடங்கியது.

மச்சாள் புத்தகத்தை மறுபடி படித்தார். என்னைக் கூப்பிட்டார்.

“பூட்டித்தான் வைக்கவேணுமாம். முக்கால்வாசி நிரம்பினாப் பிறகு ஒரேயடியாத் திறக்கவேணுமாம். அப்பதான் எல்லாத்தையும் இழுத்துக்கொண்டு போகும். நான் விசரி.”

“இப்ப என்ன செய்யிறது?”

“உள்ளுக்குத் தண்ணியும் சவுக்காரமும் விட்டு நல்லாக் குலுக்கவேணும்.”

“இவ்வளவு பெரிய வண்டிலை எப்பிடி மச்சாள் குலுக்கிறது?”

அவர் இவரின் ட்ரக்டரைப் பார்த்தார். பஸ் ஓட்டிய கைக்கு அது பெரிய வேலையாக இருக்கவில்லை. வால்வைப் பூட்டி, தாங்கியில் தண்ணீரை நிரப்பி, வண்டில் வீட்டைக் கொழுவி, தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏறினார். நான் சில்லுக்கு மேலே மட்காட்டில் இருந்தேன். நல்ல றோட்டை விட்டு, குண்டும் குழியுமான கடற்கரைப் பாதையாகப் பார்த்துப் பிடித்தார். பள்ளம் வந்தால் விலத்தவில்லை, தேடித் தேடி இறக்கினார். பின்னால் களக், களக் என்று சத்தம். வழியில் ரோசமக்கா மீன் கூடையோடு நின்றார். அவர் எங்களுக்குப் பின்வளவு. புருஷன் கடலுக்குப் போகிறவர். எங்கள் கிணற்றில்தான் அவர்கள் குடிக்கத் தண்ணீர் எடுப்பது.

“எங்கை மச்சாளும் மச்சாளும் பயணம்? கோயிலுக்கோ?”

“இல்லை ரோசமக்கா. கக்கூசு கழுவப் போறம்,” என்றார் மச்சாள் ட்ரக்டரை நிறுத்தாமலே.

ரோசமக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்து, விழாமலிருக்க மச்சாளின் தோளைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து வால்வை ஒரேயடியாகத் திறந்தபோது எல்லாம் போனது. பின்னால் சாம்பல் தண்ணீரைத் திறந்து குழாயைக் கழுவினார். “முதல் கறுப்பு, பிறகு சாம்பல். மாறிச் செய்தால் குழாய் ஊத்தையாக் கிடக்கும்,” என்று எனக்குச் சொன்னார். தாங்கி வெறுமையான பிறகும் அந்தச் சிவப்பு விளக்குகள் எரிந்தன, அதற்குப் பிறகு அவர் அவற்றை நம்பவேயில்லை. ரோர்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்ப்பார்.

மிஞ்சும் சாம்பல் தண்ணீரை வாளியில் பிடித்து வாழைகளுக்கு ஊற்றுவது அவர் வழக்கம். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும்தான். அதைத் தூர நின்று பார்க்கிறவருக்கு அது எந்தத் தண்ணீர் என்று எப்படித் தெரியும்?

எங்கள் பக்கத்துக் கிணறுகள் அனேகம் உவர். எங்கள் வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர். இவரின் தகப்பனான மாமா காலத்திலிருந்தே சுற்றியுள்ள வீடுகள் அதில்தான் எடுக்கின்றன. ஒரு கோடையில், வருகிற கேன்கள் குறையத் தொடங்கின. பிறகு ரோசமக்காவும் வரவில்லை. எனக்குக் காரணம் காதில் விழுந்திருந்தது. மச்சாளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் யாரும் சொல்லும்வரை காத்திருக்கிற ஆளா? ரோசமக்காவின் படலையைத் திறந்துகொண்டு நேரே போனார். நானும் பின்னால் போனேன்.

“ஏன் தண்ணிக்கு வாறேல்லை?”

ரோசமக்கா முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். “பேத்திக்கு வயித்தோட்டம். ரெண்டாந்தரமும் ஆஸ்பத்திரியிலை வைச்சு சேலைன் ஏத்தினது. நான் சண்டைக்குச் சொல்லேல்லை அக்கா. உங்கடை வண்டில் வந்தாப் பிறகுதான் இது. நீங்கள் வாளியிலை கொண்டுபோய் ஊத்திறதை நானே கண்டனான்.”

நான் கோபித்திருப்பேன். மச்சாள் கோபிக்கவில்லை. “பிள்ளைக்கு இப்ப எப்பிடி?” என்று கேட்டார். உள்ளே போய்ப் பிள்ளையைப் பார்த்தார். வாடிய வெண்டிக்காய் மாதிரிப் படுத்துக் கிடந்தது. வெளியே வந்து, “சரி, பாப்பம்,” என்றார்.

சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு, கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்து அனுப்பினார். தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறது என்று மறுமொழி வந்தது. அன்று பின்னேரம் இவர் வண்டில் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“அக்கா, கோவியாதேங்கோ. வண்டிலைக் கடற்கரைப் பக்கம் எங்கையாலும் கொண்டுபோய் விடுங்கோ. இது அப்பான்ரை கிணறு. ஊர் கதைக்குது.”

மச்சாளின் முகம் ஒரு கணம் சுருங்கியது. தம்பியிடமிருந்து அதை அவர் எதிர்பார்க்கவில்லை. “விடலாம்,” என்றார். “அதுக்கு முதல் ஒண்டு பாக்கவேணும்.”

பவுசரைக் கூப்பிட்டு, புதைத்த தாங்கியை வெறுமையாக்கிக் கழுவி, வாய் மட்டும் தண்ணீர் நிரப்பி, நீர்மட்டத்தில் ஒரு கோடு கீறினார். மூடிக்குப் பூட்டுப் போட்டு, வாளியில் ஊற்றுவது சாம்பல் தண்ணீர் மட்டும்தான் என்று ரோசமக்காவுக்குக் காட்டி, திறப்பை அவர் கையில் கொடுத்தார். அதில் ஒரு துளி வெடிப்பிருந்தாலும் தண்ணீர் இறங்கும். அந்த நாட்களில் மச்சாள் எங்கள் வீட்டு ரொயிலெற்றுக்குத்தான் வந்து போனார்.

நாலாம் நாள் காலை ரோசமக்கா வந்து பூட்டைத் திறந்தார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நின்றது.

“அப்ப இது உங்கடை இல்லை,” என்றார் ரோசமக்கா.

“இல்லை.”

“அப்ப ஆரின்ரை?”

மச்சாள் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினார். இவர் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றார்.

“தம்பி, உன்ரை குழி எங்கை?”

“என்ன குழி?”

“கக்கூசுக் குழி.”

“பின்னுக்கு.”

“பின்னுக்கெண்டால்?”

இவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. மாமா அந்தக் காலத்தில் வெட்டுவித்தது. சண்டையில் இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்துத் திரும்பி வந்து வீட்டைத் திருத்தியபோது, இவர் பழைய குழாயிலேயே புதுக் கழிப்பறையைக் கொழுவி, முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டுவிட்டார். குழியைத் திறந்து பார்க்கவில்லை.

“அப்பா இருந்த காலத்திலையிருந்து ஊரே இந்தத் தண்ணிதான் குடிக்குது. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை,” என்றார் இவர்.

“நடந்திருக்கும். ஆர் பாத்தது?”

ரோசமக்கா திறப்போடு அங்கேயே நின்றது இவருக்குத் தாங்கவில்லை. “எங்களை ஊருக்கு முன்னாலை வைச்சு…” என்று தொடங்கி, முடிக்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மச்சாள் கொட்டிலுக்குள் போய் அலவாங்கை எடுத்துவந்தார். கழிப்பறையின் சுவரிலிருந்து காலால் தட்டித் தட்டிக்கொண்டு வந்து, உள்ளே வெறுமையாகக் கேட்ட இடத்தில் சீமெந்தை உடைக்கத் தொடங்கினார். அறுபதைத் தாண்டிய மனுசி. நான் கொஞ்ச நேரம் விறாந்தையில் நின்றேன். இவர் திரும்பி வந்து பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். ரோசமக்காவின் பேத்தி கிடந்த கிடையையும் நினைத்தேன். பிறகு கடகத்தை எடுத்துக்கொண்டு போய்க் கல் அள்ளினேன். ரோசமக்காவும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

மூடியை நகர்த்தியபோது மூவரும் மூக்கைப் பொத்தினோம். குழிக்கு அடி கட்டியிருக்கவில்லை. கிணற்றுப் பக்கச் சுவர், முருங்கை வேர் புகுந்து எப்போதோ விழுந்துவிட்டது. அங்கே வெறும் சுண்ணாம்புக் கல்தான். அதில் கை நுழையும் வெடிப்புகள். குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் நாங்கள் உடுப்புத் தோய்க்கிற கல் மட்டும் இருந்தது.

“இஞ்சைதான் போயிருக்கு,” என்றார் மச்சாள் மெல்ல. வென்ற குரல் அல்ல அது. தகப்பன் வெட்டுவித்த குழியல்லவா அவருக்கும்.

மத்தியானம் இவர் திரும்பி வந்து அந்தக் குழியைப் பார்த்தபடி நின்றார். கண்ணை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் ரோசமக்காவிடம்தான் பேசினார்.

“இந்தத் தண்ணியைச் சரிவருமட்டும் எடுக்காதேங்கோ. நான் தண்ணிப் பவுசர் வரப்பண்ணி எல்லாருக்கும் தாறன். ஆர் கேட்டாலும் எங்கடை குழியெண்டே சொல்லுங்கோ.”

அக்காவோடு மட்டும் அவர் பேசவில்லை.

குழியைத் தூர்த்ததும் எங்கள் கழிப்பறை பாவிக்க ஏலாமற் போனது. புதுத் தாங்கி தூரத்தில் புதைத்து முடியுமட்டும் நான் மச்சாளின் வண்டில் வீட்டுக்குப் போய் வந்தேன். இவர் மாட்டேன் என்றார். காலையில் மோட்டார் சைக்கிளில் தன் சிநேகிதன் வீட்டுக்குப் போவார். அப்படிக் கொஞ்ச நாள் போனது. பிறகு ஒரு விடியக்காலை, மழை கொட்டிக்கொண்டிருக்க, முதல்நாள் சாப்பிட்ட நண்டு வேலை காட்டியது. மோட்டார் சைக்கிளடிவரை போனவர், திரும்பி, குடையும் இல்லாமல் வண்டில் வீட்டை நோக்கி ஓடினார்.

மச்சாள் எழும்பி வெளியே வந்து, குடையோடு கதவடியில் நின்றார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, முதல்லை கொஞ்சம் தண்ணி விடு. காலுக்குக் கீழை ஒரு மிதி இருக்கு.”

உள்ளே எதையோ தடவும் சத்தம் கேட்டது.

“மிதிச்சனியோ?”

“ஓமக்கா.”

“முடிஞ்சாப் பிறகு கன தண்ணி விடு. கஞ்சத்தனம் பாக்காதை. பாத்தால் இறுகிப்போம்.”

“ஓமக்கா.”

“விளக்கு எரியுதெண்டு பயப்பிடாதை. அது பொய் சொல்லும்.”

“அக்கா, கொஞ்சம் அங்காலை போய் நில்லுங்கோவன்,” என்றார் இவர் உள்ளேயிருந்து. பிறகு அவர் சிரிப்பது கேட்டது. மச்சாளும் குடைக்குள் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று காலை இரண்டு பேரும் என் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள்.

கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, திரும்பத் திரும்பத் தண்ணீர் அனுப்பிப் பார்த்து, நல்லதென்று சொல்ல மாரி வந்துவிட்டது. ரோசமக்கா கேனோடு வந்தபோது, மச்சாள் அவருக்கு முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர் அள்ளிக் குடித்துக் காட்டினார். ரோசமக்கா அந்தக் கிளாசை வாங்கித் தானும் குடித்தார்.

அதன்பின் மச்சாள் ஊர் சுற்றினார். ட்ரக்டரில் வண்டிலைக் கொழுவிக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போய், பாதை என்கிற மிதவையில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய், காரைநகர்க் கரையில் சில நாள் இருந்துவிட்டு வருவார். வரும்போது தாங்கிகள் நிறைந்திருக்கும். அங்கே எங்கேயாவது ஊற்றிவிட்டு வரலாமே என்று யாரோ கேட்டதற்கு, “அங்கை இருக்கிறவை என்ன பாவம் செய்தவை?” என்று கேட்டாராம்.

பிறகு அவருக்கு ஈரலில் வருத்தம் வந்தது. யாழ்ப்பாணத்தில் பார்த்தார்கள், கொழும்புக்கும் கொண்டுபோனோம். வீட்டுக்குள் வந்து படுக்கச் சொன்னால் கேட்கமாட்டார். வண்டில் வீட்டில்தான் கிடந்தார். நடக்க ஏலாமல் வந்த பிறகும், பிடித்துப் பிடித்து இறங்கி வால்வைத் தானே திறப்பார். நான் கிட்டப் போனால், “நீர் விடும். என்ரை வேலை,” என்பார். அடுத்த மாரி முடியுமுன் ஆஸ்பத்திரியில் காலமானார். இவர் கொள்ளி வைத்தார்.

அதற்கு முந்திய ஒரு மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது, மச்சாள் கட்டிலின் விளிம்பில் இருந்தார். எழும்ப முயன்று ஏலாமல் திரும்பவும் இருந்தார். முகத்தில் வேர்வை. தாங்கி நிரம்பிவிட்டதென்று எனக்கு மணத்திலேயே விளங்கியது. நான் தட்டை வைத்துவிட்டு வெளியே இறங்கினேன்.

“எங்கை போறீர்?”

“பேசாமல் படுங்கோ மச்சாள்.”

அவர் மறிக்கவில்லை. யன்னல் திறந்திருந்தது. குழாயைக் கொழுவினேன்.

“முதல்…” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

“கறுப்பு. தெரியும்.”

திறந்தேன். ஓடி முடிந்து சத்தம் மாறுமட்டும் அவர் கேட்டுக்கொண்டு கிடந்தார் என்று எனக்குத் தெரியும். பிறகு சாம்பலைத் திறந்து குழாயைக் கழுவி, எல்லாவற்றையும் பூட்டினேன். கிணற்றடிக்குப் போய் முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தேன்.

“கையைக் கழுவினீரோ?”

“ஓம். சவுக்காரம் போட்டு.”

அவர் கையை நீட்டினார். நான் கொடுத்தேன். மூக்கடியில் கொண்டுபோய் மணந்து பார்த்தார். சரிதான் என்பது போலத் தலையை அசைத்தார். கையை விடவில்லை.

“கொஞ்ச நேரம் இதிலை இரும்,” என்றார்.

அவர் என்னிடம் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். குசினியில் உலை பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. நான் எழும்பவில்லை.